உங்கள் தொட்டியில் இருப்பது பிரானாவா? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதல் மாதம் கேம் விளையாடுகிறார்கள், இரண்டாம் மாதம் படம் பார்க்கிறார்கள், மூன்றாம் மாதம் அதன் மேல் துணி போட்டு மூடி விடுகிறார்கள். எக்செல் என்று ஒன்று உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது. அலுவலகக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் அது என்று நினைத்து ஒதுக்கி விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரு உயிரைக் காப்பாற்றவும் அது உதவும் என்பதை நான் தாராசுரத்தில் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அந்த உயிர் மீன். அதிலும் எல்லோரும் பயப்படும் பிரானா!

முதலில் பல்லைப் பாருங்கள்

வண்ண மீன் கடைகளில் 'ரெட் பிரானா' என்று சொல்லி விற்கப்படும் குட்டி மீன்களில் பெரும்பாலானவை பிரானாவே அல்ல. அவை பாக்கு என்னும் மீன்கள். (நம் ஊர் வெற்றிலை பாக்கு அல்ல, தென் அமெரிக்க மீனின் பெயரே அதுதான்!) இரண்டுக்கும் வயிறு சிவப்பு, உடம்பு தட்டு போல அகலம், பக்கவாட்டில் புள்ளிகள். இரண்டு அங்குலக் குட்டியாக இருக்கும்போது பழகியவர்களே தடுமாறுவார்கள். பாக்கு 2003-04 வாக்கில் வங்கதேசம் வழியாக முறையான அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வந்து, ஆந்திரா, மேற்கு வங்கம் என்று குளங்களில் வளர்க்கப்பட்டு, இன்று 'ரூப்சந்த்' என்ற பெயரில் மீன் மார்க்கெட்டில் சாப்பாட்டு மீனாகவே விற்கிறது. கேரளத்தில் இதை 'நட்டர்' என்கிறார்கள்.

வேறுபாடு வாயில் இருக்கிறது. உண்மையான சிவப்பு வயிற்றுப் பிரானாவுக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே துருத்திக் கொண்டிருக்கும். பற்கள் முக்கோண வடிவில், ஒரே வரிசையில், ரம்பம் போல இருக்கும். பாக்குவுக்கு நம் கடைவாய்ப் பல் போலத் தட்டையான பற்கள். ஆற்றில் விழும் பழம், கொட்டைகளை உடைத்துத் தின்பதற்கு அமைந்த பற்கள் அவை.

தொட்டிக்குள் நீந்தும் மீனின் பல்லை எப்படிப் பார்ப்பது? கையை விட்டு வாயைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம். உணவு போடும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். யுஎஸ்பி கேபிள் மூலம் அதை கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். விஎல்சி பிளேயரில் திறந்து, பிளேபேக் மெனுவில் ஸ்பீட் என்ற இடத்துக்குப் போய் ஸ்லோயர் என்பதை இரண்டு மூன்று முறை கிளிக் செய்யுங்கள். மீன் வாயைத் திறக்கும் நொடியில் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துங்கள். வீடியோ மெனுவில் டேக் ஸ்னாப்ஷாட் என்று ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் அந்தக் காட்சி படமாகச் சேமிக்கப்படும். அப்புறம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

இதைத் தெரிந்து கொள்வது ஏன் முக்கியம் என்றால், இரண்டுக்கும் வேண்டியது வேறு வேறு. பிரானா பொதுவாக ஒரு அடி அளவில் நின்று விடும். இந்த வகைப் பாக்குவோ இரண்டரை அடிக்கு மேல்கூட வளரக் கூடியது. வரவேற்பறைத் தொட்டி அதற்கு வாழ்நாள் முழுக்கப் போதவே போதாது.

கொடூர மீனா, பயந்தாங்கொள்ளியா?

அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1913-14இல் பிரேசில் காடுகளில் பயணம் செய்துவிட்டு வந்து எழுதிய புத்தகம்தான் பிரானாவுக்கு 'உலகிலேயே கொடூரமான மீன்' என்ற பெயரை ஊர் ஊராகப் பரப்பியது. மிச்சத்தை சினிமாக்காரர்கள் பார்த்துக் கொண்டார்கள். கூட்டமாகத் திரிவதால், சேர்ந்து வேட்டையாடத்தான் கூட்டம் என்று எல்லோரும் நம்பி விட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மகுரன் என்ற பேராசிரியரும், பிரேசிலைச் சேர்ந்த எல்டர் கெய்ரோஸ் என்ற ஆய்வாளரும் தங்கள் குழுவினருடன் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். பிரானாக்களை இரண்டு இரண்டாகவும், நான்கு நான்காகவும், எட்டு எட்டாகவும் பிரித்து வைத்து, அவை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகின்றன என்று எண்ணினார்கள். மீன்கொத்தித் தின்னும் பறவை ஒன்று தாக்குவது போல பொம்மை காட்டி மிரட்டியும் பார்த்தார்கள். முடிவு என்ன தெரியுமா? இரண்டே இரண்டாக இருந்த மீன்கள்தான் அதிகம் படபடத்தன. எட்டுப் பேர் கூட்டம் சீக்கிரம் நிதானத்துக்கு வந்தது. அதாவது பிரானா கூட்டமாகத் திரிவது பயத்தினால், நீர்க்காகம், முதலை, டால்பின் போன்றவற்றுக்குத் தப்புவதற்காக.

வீட்டில் வளர்ப்பவருக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பிரானாவை ஒன்று, இரண்டு என்று வைப்பது அதற்குத் துன்பம். ஐந்து ஆறாவது வேண்டும், அதற்கேற்ற தொட்டியும் வேண்டும். இடம் குறைந்தால் ஒன்றை ஒன்று கடிக்கும், துடுப்பைத் தின்று விடும். இன்னொன்று, மீனின் மன அழுத்தத்தை அளக்க லேப் வேண்டாம், மூச்சை எண்ணினால் போதும்.

மூச்சை எண்ணும் முறை

மீனின் தலைக்குப் பின்னால் செவுளை மூடியிருக்கும் தகடு திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை திறந்து மூடினால் ஒரு மூச்சு. இதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்து விடும்.

ஆனால் நீங்கள் தொட்டி முன்னால் போய் நின்று எண்ணினால் கணக்கு தப்பும். உங்களைப் பார்த்தே மீன் மிரளும், அல்லது சாப்பாடு வருகிறது என்று துள்ளும். இங்கேதான் கேமரா வேண்டும். வெப்கேம் இருந்தால் தொட்டியைப் பார்த்து வைத்து, விண்டோஸில் உள்ள கேமரா அப்ளிகேஷனில் வீடியோ பட்டனை அழுத்திவிட்டு அறையை விட்டு வெளியே போய் விடுங்கள். இருபது நிமிடம் கழித்து வந்து நிறுத்துங்கள். முதல் பத்து நிமிடத்தைத் தள்ளிவிட்டு, மீன் சும்மா நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பாதி வேகத்தில் ஓட விட்டு எண்ணுங்கள். (பாதி வேகத்தில் பார்க்கும்போது திரையில் ஒரு நிமிடம் என்பது உண்மையில் 30 விநாடி, மறந்து விடாதீர்கள்.) தினமும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன் எடுப்பது நல்லது.

எவ்வளவு வந்தால் சரி என்று கேட்காதீர்கள். மீனின் அளவு, வெப்பநிலை இரண்டையும் பொறுத்து அது மாறும். உங்கள் மீனின் வழக்கமான எண் எது என்று இரண்டு வாரம் எழுதி வைத்தால் உங்களுக்கே தெரிந்து விடும். அதிலிருந்து சட்டென்று ஏறினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

எக்செல் ஷீட் தயாரிப்போம்

எக்செல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம், கணக்கு ஒன்றுதான். முதல் வரிசையில் ஏ காலத்தில் தேதி, பி-யில் தண்ணீர் வெப்பநிலை, சி-யில் பிஹெச், டி-யில் மொத்த அமோனியா, இ-யில் விஷ அமோனியா, எஃப்-இல் மூச்சு எண்ணிக்கை, ஜி-யில் குறிப்பு என்று தலைப்பு கொடுங்கள். இன்றைய தேதியைத் தட்ட வேண்டியதில்லை. கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு செமிகோலனைத் தட்டினால் தானே வந்து விடும்.

மொத்த அமோனியா, விஷ அமோனியா என்று ஏன் இரண்டு? மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. கடையில் வாங்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அளவு. ஆனால் அதில் ஒரு பகுதிதான் செவுளை அரிக்கும் விஷம். அந்தப் பகுதி எவ்வளவு என்பது பிஹெச்சையும் வெப்பநிலையையும் பொறுத்தது. இதற்கு எமர்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1975இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. இ2 செல்லில் கிளிக் செய்து இதைத் தட்டுங்கள் (எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்):

=டி2/(10^(0.09018+2729.92/(பி2+273.15)-சி2)+1)

சரியாகத் தட்டினீர்களா என்று பார்க்க, பி2-இல் 28, சி2-இல் 8, டி2-இல் 1 என்று போடுங்கள். விடை 0.065 வர வேண்டும். இப்போது சி2-ஐ மட்டும் 7 ஆக மாற்றுங்கள். விடை 0.007 ஆகக் குறையும். அதே அமோனியா, அதே வெப்பம், ஆனால் விஷம் ஒன்பது மடங்குக்கு மேல் குறைந்து விட்டது! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எக்செல் என்றால் கூட்டல் கழித்தல் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் செய்து காட்டுவேன்.

இந்த இரண்டு எண்களை நம் பக்கத்து நிலைமையோடு சேர்த்துப் பாருங்கள். பிரானாவின் அமேசான் தண்ணீர் லேசான புளிப்புத் தன்மை கொண்டது. எங்கள் தெரு போர் தண்ணீரின் பிஹெச் 8க்குப் பக்கத்தில். 'பக்கத்து ஊரில் ஒருவர் இதே மாதிரிதான் வளர்க்கிறார், அவர் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

விஷ அமோனியாவுக்கு 0.02 மில்லி கிராம் என்பதை வளர்ப்பாளர்கள் பொதுவாக எச்சரிக்கைக் கோடாக வைப்பார்கள். இ காலத்தை முழுதும் செலக்ட் செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று போய் 0.02 கொடுத்தால், தாண்டும் நாளெல்லாம் செல் சிவப்பாகி விடும். சிவப்பு வந்தால் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், ஒரு நாள் உணவை நிறுத்துங்கள். பிஹெச்சைக் குறைக்க ஆசிட் ஊற்றும் வேலை மட்டும் கூடவே கூடாது. மெதுவான மாற்றத்தை மீன் தாங்கும், திடீர் மாற்றத்தைத் தாங்காது.

தறிச் சத்தமும் அமாவாசையும்

எங்கள் தெருவில் பட்டுத்தறி நெய்யும் ஒரு அண்ணன், மகளின் காலேஜ் படிப்புக்காக கம்ப்யூட்டர் வாங்கினார். அதைச் செட் செய்து கொடுக்கப் போனபோதுதான் கூடத்தில் நான்கு அடித் தொட்டியைப் பார்த்தேன். உள்ளே உள்ளங்கை அகலத்தில் இரண்டு மீன்கள், மூலையில் ஒட்டிக் கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கிக் கொண்டிருந்தன. யாராவது குறுக்கே நடந்தால் பாய்ந்து போய்க் கண்ணாடியில் மோதின. ஒன்றுக்கு மூக்கு நுனியே தேய்ந்து வெளுத்திருந்தது.

"பிரானான்னு சொல்லிக் குடுத்தாங்க தம்பி. கறி போட்டா திங்க மாட்டேங்குது. பிள்ளைங்க கைய விட்டுடுமோன்னு வேற பயமா இருக்கு. பேசாம அரசலாத்துல விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார்.

"ரெண்டு வாரம் பொறுங்கண்ணே" என்று சொல்லி, மகளுக்கு மேலே சொன்ன ஷீட்டைப் போட்டுக் கொடுத்தேன். வெப்கேமையும் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தோம். அந்தப் பெண் கெட்டிக்காரி, ஒரு நாள்கூட விடாமல் எழுதினாள். இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் போட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு நாள் மட்டும் மூச்சுக் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. அன்று வெப்பநிலையும் அமோனியாவும் முந்தைய நாள் போலத்தான் இருந்தன. குறிப்புக் காலத்தில் "அமாவாசை, தறி லீவு" என்று எழுதியிருந்தாள்!

தொட்டி வைத்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் தறிக்குழி. பலகை அடிக்கும் ஒவ்வொரு அடியும் சுவர் வழியாக, தரை வழியாகத் தண்ணீருக்குள் போய்க் கொண்டிருந்தது. மீன் காதால் மட்டும் கேட்பதில்லை. உடம்பின் இரு பக்கமும் ஓடும் ஒரு உணர்வுக் கோட்டால் அதிர்வை உணர்கிறது. நாள் முழுக்க யாரோ அதன் விலாவில் தட்டிக் கொண்டே இருந்த மாதிரி.

தொட்டியைக் காலி செய்து எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். ஸ்டாண்டின் கால்களுக்கும் தரைக்கும் நடுவே தடித்த ரப்பர் வைத்தோம். பின்பக்கமும் பக்கவாட்டும் கறுப்புக் காகிதம் ஒட்டி, மேலே மிதக்கும் செடி போட்டு, பளீர் என்றிருந்த லைட்டை எடுத்துவிட்டோம். தினசரி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினோம். அடுத்த வாரமே மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன.

பல்? வாழைப்பழத் துண்டைப் போட்டு வீடியோ எடுத்தோம். சந்தேகமே இல்லை, தட்டைப் பல். இரண்டும் பாக்கு. "கறி திங்காததுக்கு இதான் காரணமா!" என்று அண்ணன் சிரித்தார். அவித்த பட்டாணி, கீரைத்தண்டு, மிதக்கும் மீன் தீவனம் என்று மாற்றிய பிறகு தின்கிற தீனியைப் பார்த்து இப்போது வேறு கவலை வந்து விட்டது. கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி, வெள்ளம் வந்தாலும் நிரம்பாத உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே வலை போட்டு வைத்திருக்கிறார்.

உண்மையான பிரானா என்றால்

உயிருள்ள வெளிநாட்டு மீனை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது. அமெரிக்காவில் டெக்சஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பிரானா வளர்க்கவே தடை. எனவே புதிதாகத் தேடிப் போய் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது.

ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரத் தொட்டி என்றால் சென்டி மீட்டரில் 183, 61, 61. மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் சுமார் 681 லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே 681 கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடியில் வைக்கும் முன் யோசியுங்கள். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை உணவு போதும். மீன் துண்டு, ஓட்டோடு இறால் கொடுக்கலாம். கோழி, ஆட்டுக் கொழுப்பு ஆகாது. உயிருள்ள கோல்ட் ஃபிஷ்ஷைப் போட்டு வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். நோய் வரும், அதோடு வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் கோல்ட் ஃபிஷ்ஷின் உடலில் இருக்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது நீளக் கைப்பிடி பிரஷ் பயன்படுத்துங்கள். பிரானா துரத்தி வந்து கடிக்காது. மூலையில் மாட்டிக் கொண்டால் கடிக்கும்.

வெயிலும் கரன்டும்

நம் டெல்டாவில் ஹீட்டர் தேவைப்படும் நாட்கள் குறைவு. பிரச்சினை சித்திரை வெயில்தான். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லி கிராம் வரை ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.6 ஆகி விடும். அந்த நேரம் பார்த்து கரன்ட் போனால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும்.

கம்ப்யூட்டரோடு வாங்கிய யுபிஎஸ் இங்கே கை கொடுக்கும். கம்ப்யூட்டரைப் பதினைந்து நிமிடம் தாங்கும் அதே பேட்டரி, ஐந்து வாட் காற்று மோட்டாரை அதைவிட ரொம்ப நேரம் ஓட்டும். ஆனால் முன்பே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். சில யுபிஎஸ்கள் சுமை மிகக் குறைவாக இருந்தால் தானே அணைந்து விடும். சிலவற்றில் மோட்டார் உறுமும், சூடாகும். அப்படியானால் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றை வாங்கி வைப்பதே மேல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எந்த யுபிஎஸ்ஸும் அதைத் தாங்காது. அப்போது உணவை நிறுத்திவிட்டு, குவளையில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருப்பதுதான் வழி.

இன்னொன்று, சிபியுவைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள், இடம் மிச்சம் என்று பலர் வைக்கிறார்கள். மோட்டார் ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல், பிளக்கை விடத் தாழ்வாக ஒரு முறை தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விடும், பிளக்குக்குள் போகாது.

ஆற்றில் விடலாமா?

கூடவே கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசான் மீனான அராபைமா வலையில் சிக்கியது. யாரோ வளர்த்த மீன்கள்தான் தப்பி வந்திருக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் என்று நாம் வாங்கும் சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. அரசலாற்றில் விட்டால் வாய்க்கால் வழியே வயல் வரை போகும். வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பாக்கு என்றால் அது சாப்பாட்டு மீன், சொல்ல வேண்டியதில்லை.

தொட்டியிலிருந்து மாற்றும் பழைய தண்ணீரையும் வாய்க்காலில் கொட்ட வேண்டாம். அதில் நைட்ரேட் இருக்கிறது. எங்கள் தெரு அண்ணன் வீட்டில் அது தென்னை மரத்தடிக்குப் போகிறது.